முப்பது புள்ளி அமெரிக்கரைப் பிடிக்க ஆவடிக்குப் போனோம்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மே மாத ஞாயிறு, பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போனேன். பத்து கிலோமீட்டர்கூட இல்லை, இதெல்லாம் ஒரு பயணமா என்பீர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தேடிப் போகிறவர்களுக்கு அது நெடுந்தூரம். என் நண்பன் தேவராஜ் அம்பத்தூரில் மூன்று வருடமாகக் காண்ட்ராக்ட் கூலி. ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் கூடைப்பந்து அணியில் ஓர் இடம் காலி, அன்று ஆட்டம் வைத்துத் தேர்வு; நான் அவனுக்குத் துணை. கிடைத்தால் நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ்.

மூன்று மணிப் பேருந்து, டிக்கெட் இரண்டு ரூபாய். தேவராஜ் பாரிவாக்கத்தில் ஏறினான். கேன்வாஸ் ஷூ கழுத்தில் தொங்கியது.

"கால்ல போட்டா தேஞ்சிடுமா?" என்றார் கண்டக்டர்.

"கிரவுண்டுக்குத்தான் ஷூ. உன் பஸ்ஸுக்கு வெறுங்காலே ஜாஸ்தி, அண்ணாத்தே."

சேக்காட்டில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தோம். அதிகாரிகளுக்கு நிழலில் நாற்காலி, ஆடுகிறவர்களுக்குக் கொதிக்கும் சிமெண்ட் தரை. எதிரணி, ஒரு சர்ச் அழைத்து வந்த அமெரிக்கர்கள். அதில் ராய் என்ற நெட்டை மனிதர் இத்தாலி, பெல்ஜியம், ஸ்பெயின் என்று பதினொரு வருடம் ஆடியவர். ஆட்டத்துக்கு முப்பது புள்ளி சாதாரணமாம்.

ஆட்டத்துக்கு முன் டீ கொடுத்தார்கள். அந்தத் தொழிற்சாலையில் லேத் ஓட்டும் முனுசாமி அண்ணன், அவர்களோடு வந்த பாதிரியார் மூலமாக ராயைக் கேட்டார்: "அவ்ளோ பாயிண்ட் போட்டாரே, பர்மனென்ட் பண்ணாங்களா?"

வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம்தான் என்றார் ராய். ஓர் அணியில் இரண்டு வெளிநாட்டுக்காரருக்குத்தான் இடம். பெல்ஜியத்தில் ஒருமுறை காய்ச்சலோடு ஆடிப் பன்னிரண்டு புள்ளிதான் எடுத்தார். அறைக்குத் திரும்பினால், அவர் கட்டிலில் வேறொரு அமெரிக்கன் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான்.

"கோட்ரஸ்கூட கெடையாதா? அப்போ இவரும் காண்ட்ராக்ட் லேபருதான், நைனா!" என்றார் முனுசாமி அண்ணன்.

எல்லாரும் சிரித்தார்கள். தேவராஜ் சிரிக்கவில்லை.

தேர்வுக்கு வந்த இரண்டு பேரையும் தொழிற்சாலை அணியில் இறக்கினார்கள். தேவராஜிடம் கோச் ராயைக் காட்டி, "அவன உடாத" என்றார். இவன் விடவில்லை. ராய் திரும்பிய பக்கமெல்லாம் இவன் நெஞ்சு குறுக்கே நின்றது. ராய் எடுத்தது பதினொன்று. தேவராஜ் எடுத்தது நான்கு. தேர்வுக்கு வந்த இன்னொருவன், யாரையும் பிடிக்கிற வேலை இல்லாமல், பதினெட்டு.

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "பதினெட்டு போட்டவன் யாரு?" என்று கேட்டார். தேர்வு முடிந்தது.

ராய் நேராக வந்து தேவராஜின் தோளைப் பிடித்து ஏதோ சொன்னார். பாதிரியார் மொழிபெயர்த்தார்: "ஐரோப்பாவுல நீ என்னை இப்பிடிப் புடிச்சிருந்தா, மறுநாளே என்னை ஊருக்கு அனுப்பியிருப்பாங்களாம்."

"இங்க என்னிய அனுப்பிட்டாங்கன்னு சொல்லுங்க ஃபாதர்."

நிரந்தரம் என்ற ஒரு சொல்லைக் காட்டி மனிதர்களை வெயிலில் ஓடவிடுகிறார்கள், ஓடியதை யாரும் எண்ணுவதில்லை. அங்கே போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பூந்தமல்லியிலேயே ஏறுங்கள், பாரிவாக்கத்தில் உட்கார இடம் கிடைக்காது. தண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே குழாய் அதிகாரிகள் பக்கம் இருக்கிறது. கோச் யாரைப் பிடிக்கச் சொன்னாலும், பந்து கைக்கு வந்தால் கூடையைப் பார்த்து எறியுங்கள்.

திரும்பும் பேருந்தில் இதைத்தான் தேவராஜிடமும் சொன்னேன். அவன் ஷூவின் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

"அல்லாரும் எறிஞ்சிகினே இருந்தா, அந்தாள யாரு மாமே புடிக்கிறது?"