கம்பெனி பஸ்ஸில் என் பேத்திக்கு ஒரு சீட்டு

என் பேத்தி திருநங்கை. ஒரகடத்துல கம்பெனி வேலை. எனக்குப் பெருமைதான்.

கம்பெனி பஸ்ஸில் பெண்கள் முன்னாடி, ஆண்கள் பின்னாடி. இவளைப் பின்னாடிதான் உட்கார வைத்தார்கள். போன வாரம் அங்கே ஒருத்தன் அவள் மேல் கை வைத்தான்.

"இனிமே வேலைக்கே போவமாட்டேன் ஆயா"ன்னு அழுதாள்.

இன்று காலை படப்பை ஸ்டாப்புக்கு நானும் கூடப் போய், அவளை முன்னாடி சீட்டுல உட்காரச் சொன்னேன்.

"முன்னாடி லேடீஸ் சீட்டு ஆயா" என்றார் டிரைவர்.

"இவ இன்னாப்பா, லேடீஸ் இல்லியா?"

அதற்குள் ஒரு திருநெல்வேலிப் பொண்ணு நகர்ந்து, "இங்கன வாங்கக்கா, சன்னலோரமா இருங்க" என்றது. பேத்தி ஏறிவிட்டாள்.

ஏறும்போது கண்ணாலேயே அந்தக் கை வைத்தவனைக் காட்டினாள். பின்னாடி, அதே சீட்டில், ஜாலியாக உட்கார்ந்துகினு போறான்.

இடம் மாறினது இவள். அவனை எறக்கிவிட யார்கிட்ட சொல்லணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.