கறுப்பு மை வக்கீல்

நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி, விரலெல்லாம் கறுப்பு மை. தல்லாகுளத்தில் தனிநபர் தகவல் சட்டம் பார்க்கும் வக்கீல் அவர். தாள்களைப் படித்துக் குறிப்பெழுத ஏஐ வைத்திருந்தார். ஆனால் அதற்குக் கொடுக்குமுன் பெயர்களைத் தன் கையாலேயே மை பூசி மறைப்பார்.

கப்பலூரில் உள்ள என் பட்டறை ஆட்களின் மருத்துவத் தாள்களைச் சட்டப்படி வைத்திருக்கிறேனா என்று கேட்கப் போயிருந்தேன். நான் கொண்டுபோன நகலில் பெயரை மறைத்து என்னிடமே நீட்டி, "பேரில்லாம கண்டுபிடிக்க முடியுதா பாருங்க, இது யாருண்ணே?" என்றார்.

"மூணு விரலு இல்லைன்னு போட்டிருக்கே, நம்ம லேத் ஆளுதான் சார்."

அந்த வரியையும் மறைத்தார். அடுத்த தாளில் இதயநோய்.

"தெரியலையே சார்."

"அப்ப இதை ஏஐ பாக்கலாம்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் எனக்கு வணக்கம் வைப்பவர்களில் ஒருவர்தான் அந்த நோயாளி. அசல் தாள் பெயரோடு என் அலமாரியில் இருக்கிறது. இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை.