சூடு கலக்குமா

காலை ஐந்து பத்து. ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, பக்கத்து வீட்டு அக்கா கிணற்றடியில் குந்தியிருந்ததுதான். அப்போதுதான் அள்ளிய வாளித் தண்ணீரில் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடித் தெர்மாமீட்டரை அமிழ்த்தியிருந்தார். எடுத்து பல்ப் வெளிச்சத்தில் பார்த்தார். "ஏறல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வாளியுடன் உள்ளே போனார்.

குண்டசாலையில் எங்கள் வேலிக்கு அப்பால் பெரிய கணினி நிலையம் ஒன்று வந்திருக்கிறது. ஓயாமல் ஓடும் அந்த இயந்திரங்களின் சூட்டை வாங்கிக்கொண்டு குழாய்த் தண்ணீர் நிலத்துக்குள் ஆழமாக இறங்கும். சூட்டை மண்ணில் விட்டுவிட்டுக் குளிர்ந்து மேலே வரும். அந்தக் குழாய்களைப் பார்த்துக்கொள்வது என் கணவரின் வேலை. துளை போடுமுன் அயல்வீடுகளில் விளக்கியவரும் அவர்தான். குழாயில் எங்கும் திறப்பு இல்லை, அந்தத் தண்ணீர் உங்கள் கிணற்றில் சேராது என்றார்.

"தண்ணி கலக்காது, சரி தம்பி. சூடு கலக்குமா?" என்று அக்கா கேட்டார்.

மண்ணில் சிறிது பரவும், ஆனால் உங்கள் கிணறு தூரம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அக்காவின் கணவருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, பேச்சும் நின்றுபோயிருந்தது. தொழுகைக்கு முன் அக்கா அவருக்கு முகம் கைகால் கழுவி உளூச் செய்விக்கும்போது, கிணற்றுத் தண்ணீர் பட்டால் மட்டும் அவருடைய வலக்கை விரல்கள் மெல்ல மடங்கி அக்காவின் கையைப் பிடிக்கும். டேங்கில் கிடந்து வெதுவெதுத்த தண்ணீருக்கு மடங்குவதில்லை.

ஜன்னலில் கண்டதைச் சொன்னதும் என் கணவர் தேநீரைக் கீழே வைத்தார். அந்தத் தெர்மாமீட்டரில் முப்பத்தைந்துக்குக் கீழே கோடே இல்லையாம். கிணறு பத்துப் பாகை சூடானாலும் காட்டாது. சொல்லாமல் விட்டால் அக்கா நிம்மதியாக இருப்பார் என்றேன். அவர் கண்டிக்குப் போய், மீன்தொட்டி விற்கும் கடையில் வேறொன்று வாங்கிவந்து கொடுத்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் பாத்தது?"

"கிணத்துக்குக் காய்ச்சல் இல்லன்னு பாத்திருக்கீங்க, அக்கா."

"அல்ஹம்துலில்லாஹ், அதுவும் நல்லந்தானே."

சிரித்தவர், இது ஏறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். இந்தப் பக்கத்துக் குழாயை அடைக்கச் சொல்லி நானே எழுதிக் கொடுப்பேன் என்றார் என் கணவர்.

அன்று இருபத்து நான்கு பாகை. அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்தே பார்த்தார்கள். போன வெள்ளி இருபத்து நான்கரை. அக்கா வாளியை உள்ளே கொண்டுபோனார். விரல்கள் மடங்கின.

திங்கட்கிழமை என் கணவர் நிலையத்தில் அந்தக் கடிதத்தைக் கொடுத்தார்.