ஜெபமாலையின் மறுபாதி

போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டும் கிரிகரிக்கு ஊரைக் கூட்டும் தொண்டை. தெருமுனையில் அவர் யாரிடமாவது பேச ஆரம்பித்தால், வீட்டுக்குள் கிறிஸ்டின் சோற்றை எடுத்து வைத்துவிடுவாள். இனிப்பு நீர் நோய் அவளுடைய இரண்டு கண்களையும் கொண்டுபோன பிறகு, புருஷனின் குரலை வைத்துத்தான் அவள் நடமாடினாள். "ரெண்டு படி இருக்கு", "வலது பக்கம் லொங்காங், சாக்கடையில கால் வச்சிடாம தள்ளி வா" என்று அவர் சொல்லச் சொல்ல நடப்பாள். கையைப் பிடித்தால் அவளுக்குக் கோபம் வந்துவிடும்.

போன வருடம் அந்தத் தொண்டை கம்மியது. சிகரெட், ஏர்கோன், புழுதி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைசியில் கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் புற்று, ஆரம்பக் கட்டம்தான் என்றார்கள். கதிர்வீச்சில் குணமாகிவிடும், குரல் எப்படித் திரும்பும் என்று மட்டும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பின்னால் சொன்னது கிரிகரியின் காதில் ஏறவே இல்லை. உயிர் பிழைக்கிறது என்றால் குரலைப் பற்றி யார் விசாரிப்பார்கள்?

வாரக்கணக்கில் கொமுட்டர் ரயிலில் போய் வந்தார். நோய் போய்விட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லோரும் கைகுலுக்கினார்கள். வைத்தியம் சொல்லவும் ஆள் பஞ்சமில்லை.

"பேசாத தம்பி. ரொம்ப அவசரம்னா குசுகுசுன்னு சொல்லு. தொண்டைக்கு ரெஸ்ட் லா," என்றாள் பக்கத்து வீட்டு கெர்ட்ரூட் அக்கா.

கிறிஸ்டினும் அதையே பிடித்துக்கொண்டாள். அவர் வாயைத் திறந்தாலே அதட்டினாள். மாதக்கணக்கில் அந்த வீட்டில் அவளிடம் குசுகுசுப்பு, வந்தவர்களிடம் தலையாட்டல், அவ்வளவுதான். குரல் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று இரண்டு பேரும் நம்பினார்கள், பாவம்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் புனிதா இதைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"யாரு அங்கிள் அப்படிச் சொன்னது? குசுகுசுன்னு பேசினா தொண்டை இன்னும் இறுகிப்போகும். மெதுவா, ஆனா உங்க குரல்லயே பேசுங்க."

பேசிப் பார்த்தார். துருப்பிடித்த கேட்டைத் திறப்பதுபோல் ஏதோ கரகரத்து, பாதியில் காற்றாகிப் போனது.

"பழைய குரல் வருமா?"

"கொஞ்சம் தேறும் அங்கிள். பழசு அப்படியே வரும்னு பொய் சொல்ல மாட்டேன்."

அன்று சாயங்காலம் ஜெபமாலைக்கு உட்கார்ந்தார்கள். முன்பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து முன்பாதி கிரிகரியுடையது. இப்போது கிறிஸ்டினைத் தொடங்கச் சொன்னார்.

அவள் முன்பாதியைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அவர் புனிதா சொன்னபடியே, குசுகுசுக்காமல், சொந்தக் குரலில் பதில் சொன்னார். ரோட்டில் போன லோரியின் சத்தம் அதை விழுங்கிவிட்டது.

"இருக்கீங்களா?" என்றாள்.

கை எட்டும் தூரத்தில்தான் இருந்தார். ஜெபமாலையின் அடுத்த மணிக்கும் அதே கேள்வி. அதற்கடுத்த மணியில் அவள் நிறுத்திவிட்டாள்.

"எந்திரிச்சுப் போயிட்டீங்களா? நான் பாட்டுக்கு தனியா சொல்லிக்கிட்டு இருக்கேனோன்னு பயமா இருக்குங்க."

கிரிகரிக்கு இதற்கா பிழைத்தோம் என்றிருந்தது. அவள் கையை இழுத்துத் தன் தொண்டையில் வைத்து அழுத்திக்கொண்டு, மறுபாதியை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். அவள் விரல்களுக்குக் கீழே தோல் அதிர்ந்தது. சொல்லி முடித்தபோது குரல் சுத்தமாக அடங்கிவிட்டது.

கிறிஸ்டின் கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வலிக்குதா?"

பேசாமல் இருந்து பழகிய மனிதர், இல்லை என்று தலையாட்டினார்.

அவள் முகத்தை அவர் பக்கம் திருப்பிக் காத்திருந்தாள்.

"ஏங்க, வலிக்குதான்னு கேட்டேன்."