டியூப் விடும்வரை தின்ற சப்பாத்தி

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கண்ணுக்கு எட்டின மட்டும் நெல்வயல். வீட்டுக்குள்ளே ராத்திரிக்குச் சோறு கிடையாது. மாமியாருக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து எல்லோருக்கும் சப்பாத்திதான். தனித்தனியாகச் சமைப்பது அவருக்குப் பிடிக்காது.

கல்யாணமாகி வந்த வருஷத்திலேயே எனக்கு வயிறு கெட்டது. உப்புசம், அடிக்கடி கொல்லைக்கு ஓட்டம், வாயெல்லாம் புண். வளையல் முழங்கை வரை ஏறியது. நடவுக்கு இறங்கினால் கண் இருட்டும், வரப்பில் உட்கார்ந்துவிடுவேன்.

மாமியார் கவனிக்காமல் இல்லை. உடம்பு முடியாதவளுக்குச் சோறு ஆகாது என்று ரஸ்க் கொடுத்தார். கோதுமைக் கஞ்சி கொடுத்தார். இன்னும் மோசமானது.

முத்துப்பேட்டைப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே கோதுமை வாங்குகிற பழக்கமே இல்லை. எந்த வேளையும் சோறு, மீன் குழம்பு. தேறினேன். திரும்பி வந்தேன். திரும்பவும் விழுந்தேன்.

அதுதான் மாமியாருக்குப் பிடியாகக் கிடைத்தது. குழாயடியில் எல்லார் முன்னாலும் சொன்னார்.

"அம்மா வீட்டுல குதிரை மாதிரி நிக்கிறா. நம்ம வாசப்படி மிதிச்சா படுத்துக்கிறா. என்ன நோவுடி அது, நடவு பாத்து வர்ற நோவு?"

சிரித்தார்கள். யார் யார் சிரித்தது என்று பார்த்துக்கொண்டு குடத்தைத் தூக்கினேன்.

அப்புறம் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "இன்னொரு தடவை படுத்தான்னா கொண்டுபோய் விட்டுட்டு வந்துடு. கூப்பிடப் போகாத."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார். அன்றைக்கு முடிவு பண்ணினேன். பொய்க்காரி என்ற பேரோடு இந்த வீட்டைவிட்டுப் போக மாட்டேன்.

தஞ்சாவூரில் வயிற்று டாக்டரம்மாவிடம் போனேன். மாமியார் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அம்மா வீட்டுல என்ன சாப்பிடுவீங்க?"

"சோறு."

"இங்க?"

"காலைல ரவை உப்புமா. ராத்திரி சப்பாத்தி."

ரத்தம் எடுத்தார்கள். கோதுமை ஆகவில்லையோ என்ற சந்தேகம் சரிதான், வாய் வழியாக டியூப் விட்டுக் குடலில் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தால் உறுதியாகும் என்றார். "அதுவரைக்கும் கோதுமைய நிறுத்தாதீங்க. நிறுத்திட்டா டெஸ்ட்ல சரியா தெரியாது."

வீட்டுக்கு வந்து கேட்டு வாங்கித் தின்றேன்.

"அத்தை, இன்னொரு சப்பாத்தி வைங்க."

"பாருடா, நோவுக்காரிக்கு நாக்கு கேக்குது."

"ஆமாத்தை. நல்லா இருக்கு."

கொல்லைக்கு ஓடினேன். திரும்பி வந்து மிச்சத்தைத் தின்றேன். அவர் கையால் சுட்டதே எனக்குச் சாட்சி சொல்லட்டும் என்று தின்றேன்.

டியூப் விட்டுப் பார்த்தார்கள். சீலியாக் நோய். கோதுமையில் இருக்கிற பசைச் சத்து என் குடலை அரித்திருக்கிறது. ஆயுசுக்கும் தொடக்கூடாது. மாவு பறந்து என் சோற்றில் விழுந்தாலும் ஆகாது. பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலப்பார்களாம், பார்த்து வாங்கச் சொன்னார் டாக்டரம்மா.

வீட்டுக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாமியார், "எங்களுக்கு என்ன தெரியும்?" என்றார்.

"தெரியலைன்னா சும்மா இருந்திருக்கணும் அத்தை. குழாயடியில சொன்னீங்கல்ல. அங்கயே வந்து மாத்திச் சொல்லுங்க."

"உன் கால்ல விழணுமாடி?"

"வேணாம். சொன்னா போதும்."

சொல்லவில்லை.

நான் அடுப்படியைக் கழுவினேன். மாவு டப்பா, சப்பாத்திக் கட்டை, தோசைக்கல் எல்லாவற்றையும் கொல்லைக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தேன். "உங்க சப்பாத்திய நீங்க அங்க சுட்டுக்கங்க."

அவர் மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தார். நான் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஐப்பசி மழை. கொட்டகை ஒழுகுகிறது. ஈர விறகு புகைகிறது. மாமியாரின் இருமல் அடுப்படி வரைக்கும் கேட்கிறது.

"ஒரு கை பிடியேன்டி" என்கிறார்.

"மாவு எனக்கு ஆகாது அத்தை" என்கிறேன்.

நேற்று வீட்டுக்காரர், கொட்டகைக்குக் கீற்று மாற்றிவிடட்டுமா என்று என்னிடம் கேட்டார்.

"மாத்தலாம்," என்றேன். "அவங்க குழாயடிக்குப் போயிட்டு வரட்டும்."