ஆற்று வளைவில் போட்ட சத்தம்

ஜப்பான்காரன் காலத்தில் நான் காஜா பெராங்கில் குடியிருந்து, மலாக்கா ஆற்றில் சம்பான் படகு ஓட்டினேன். சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடித்தபோது தப்பி வந்த தோட்டத்துத் தமிழன் ஒருவன், ஆற்று வளைவில் நீப்பாப் பனைப் புதருக்குள் ஒளிந்திருந்தான். எதிரே வரும் படகு விலகட்டும் என்று அங்கே நான் எப்போதும் "ஓய்!" என்று சத்தம் போடுவேன். அதைக் கேட்டு அவன் வெளியே வருவான். அவித்த மரவள்ளி கொடுப்பேன். பிடிபட்டால் என் தலையும் போகும்.

ஒருநாள் பகலில் ஜப்பான் அதிகாரி ஒருவன் ஆற்றைச் சுற்றிப் பார்க்க ஏறினான். பாலத்தையும் பழைய கிடங்குகளையும் காட்டிக்கொண்டே போனேன். வளைவு வந்ததும், பாழாய்ப்போன வாய், பழக்கத்தில் கத்திவிட்டது.

"வந்துட்டீங்களாண்ணே?" என்று கையை நீட்டிக்கொண்டே புதருக்குள்ளிருந்து படகோரம் வந்தான் அவன்.

அதிகாரி வாளை உருவினான். "இவனைத் தெரியுமா?" என்று மலாயில் என்னைக் கேட்டான்.

"தெரியாது, துவான்."

அதிகாரி அந்தத் தமிழன் முகத்தில் ஓங்கி அறைந்து, "யார் உனக்குச் சோறு போட்டது?" என்றான்.

அந்தத் தமிழன் என்னை ஒரு தடவை பார்த்தான். "யாரும் இல்ல, துவான்."

வாள் இறங்கியது. ரத்தம் என் துடுப்பில் தெறித்தது. அதிகாரி வாளை ஆற்றில் கழுவிவிட்டு, "அடுத்து என்ன இடம்?" என்றான். காட்டினேன்.

நான் சொன்ன பொய் என் உயிருக்காக. அவன் சொன்ன பொய்யும் என் உயிருக்காகத்தான். அவன் பெயரை நான் கேட்டதே இல்லை.