பச்சை ஊர்வலம் சந்துக்குள் போன கதை

போன வாரம் ஈப்போவில் ஒரு பேரங்காடிக்குப் போயிருந்தேன். கூரையெல்லாம் பச்சைக் காகிதத் தோரணம். பார்த்ததும் கோதுமைப் பசை வாசம் அடித்தது. பேரங்காடியில் பசை ஏது? என் மூக்குதான் பழைய மூக்கு.

எழுபதுகளில் இதே ஊரில் நான் ஓர் ஈயச் சுரங்கக் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. என் துரை அயர்லாந்துக்காரர். ஊரில் அவரைப்போல் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தோட்டத் துரைகள், பள்ளிக்கூடப் பாதிரியார்கள். ஆண்டுதோறும் மார்ச்சில் தங்கள் நாட்டுப் புனிதர் பேட்ரிக்குக்கு ஊர்வலம் எடுப்பார்கள். ஏழெட்டுப் பேர் நடந்தால் அது ஊர்வலமா? கூட்டம் சேர்ப்பது என் தலையில் விழுந்தது.

எனக்குத் தெரிந்த ஊர்வலம் தைப்பூசம் ஒன்றுதான். அப்படியே செய்தேன். சுங்கை சிப்புட் தோட்டத்திலிருந்து தப்பு மேள செட், கோதுமைப் பசை காய்ச்சி ஒட்டிய பச்சைக் காகிதத் தோரணம், வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், லாரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். பாதிரியாரின் புல்லாங்குழலும் நம் தப்பும் முதலில் சண்டை போடும், பாதி வழியில் சமாதானமாகிவிடும். புனிதரின் சிலையை ஏற்றிய லாரி முனியாண்டி அண்ணனுடையது. சிலையின் காலடியில் பாம்பு நெளிவதைப் பார்த்ததுமே அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாம்பையே மிதிச்சு நிக்கிறாரு. பவர் உள்ள சாமிலா தம்பி!"

பெர்மிட் வாங்கப் போனால் இன்ஸ்பெக்டருக்குப் பச்சைக் கொடிமேல் சந்தேகம். "இனி பார்ட்டி அபா?" என்பார் மலாயில், இது எந்தக் கட்சி என்று. கட்சியில்லை, சாமி என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவேன். "பாதை மாறினால் அடுத்த வருஷம் கிடையாது" என்று ஒவ்வொரு முறையும் எச்சரிப்பார்.

ஓர் ஆண்டு நோரா மிஸ் கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற அயர்லாந்துக் கிழவி; ஊர்வலத்தில் முதல் ஆளாக நடப்பவர். வீடு ஒரு சந்துக்குள். "சத்தமாவது கேட்குமா?" என்று என்னிடம் ஆளனுப்பிக் கேட்டிருந்தார். பெர்மிட்டில் அந்தச் சந்து இல்லை.

சந்து முனையில் லாரி நின்றது.

"அண்ணே, நேரா போங்க!"

"நடக்க முடியாதவங்க வாசலுக்குச் சாமி போவணும் தம்பி. தைப்பூசத்துல போறதில்லையா?"

"பெர்மிட் என் பேர்ல இருக்குண்ணே!"

"ரிவர்ஸ்ல போறேன். போன கணக்கு இல்லலா!"

லாரி பின்பக்கமாகவே உள்ளே போனது. இன்ஸ்பெக்டர் மோட்டார் சைக்கிளில் விரட்டி வந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் சந்துக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு சாலை நடுவில் நின்று கார்களை நிறுத்த ஆரம்பித்தார்.

வாசலில் பிரம்பு நாற்காலியில் மிஸ். பக்கத்தில் அவருடைய சீனச் சமையல்காரம்மா தட்டில் ஆரஞ்சுப் பழங்களோடு நின்றார். முனியாண்டி அண்ணன் தட்டை வாங்கிச் சிலைக்குக் காட்டி, பாதியைப் பிரசாதமாகத் திருப்பிக் கொடுத்தார். "ஒய் லேட்?" என்று வகுப்பறைக் குரலில் அதட்டிய மிஸ், அடுத்த நொடி அழுதுவிட்டார். துரை தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு பெர்மிட்டிலேயே அந்தச் சந்தின் பெயரை எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் முத்திரை குத்திக் கொடுத்தார். மிஸ்தான் இல்லை. பூட்டிய வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தோம்.

எண்பதுகளில் ஈயத்தின் விலை விழுந்தது; துரைகள் ஒவ்வொருவராகக் கப்பலும் விமானமும் ஏறினார்கள். கடைசி ஊர்வலத்தில் அயர்லாந்துக்காரர் ஒருவர்கூட இல்லை. தமிழரும் சீனரும் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு நடந்தோம், சந்துக்குள்ளும் போனோம். சாலையோரம் நின்ற ஒரு சிறுமி, "யாரு சாமி இது?" என்று கேட்டாள்.

"நம்ம சாமிதாம்மா" என்றார் முனியாண்டி அண்ணன்.